கைப்பிடி நடுங்கிய மதியம்

மருதாசலம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது முடிந்திருந்தது. குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு.

பட்டறையில் இருந்தவர்களுக்குக் கொஞ்ச காலம் அது சிரிப்பாக இருந்தது. "சிஷ்யப் பிள்ளை வந்தாச்சுங்களா?" என்று காலையில் கேட்பார்கள். "வந்தாச்சுங்க, குருகுலத்தைக் கூட்டிப் பெருக்கியாச்சுங்களா?" என்று அவரும் கேட்பார். பிறகு சிரிப்பு தானாக ஓய்ந்தது. அவர் மட்டும் வந்துகொண்டே இருந்தார்.

ஜெசிந்தா ஒரு காலத்தில் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். இப்போது அடுத்தவர்கள் ஓட்டும் வண்டிகளைத் தடத்துக்குத் தயார் செய்பவர். எல்லோருக்கும் மாஸ்டர். மருதாசலம் கோவையில் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். மகள் கோதை பந்தயத்தில் ஓட்டத் தொடங்கியதும், அவள் ஏறி உட்காரும் வண்டியை முழுக்க வேறொருவர் கையில் விட அவருக்கு மனம் வரவில்லை. அதனால் வந்தார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சேர்ந்த புதிதில் அவர் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டார். ஓடுகிற வண்டியில் கையை எடுத்தாலும் அது நேராகப் போகிறதே, சக்கரத்துக்கு நேர் எது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஜெசிந்தா ஒரு வண்டியை நிமிர்த்தி நிறுத்தச் சொன்னார். கைப்பிடி எந்தத் தண்டைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்தத் தண்டின் சாய்விலேயே ஒரு நீளக் கம்பியை வைத்துத் தரைவரை நீட்டினார். கம்பி தொட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். முன் டயர் தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. டயரின் கோடு ஓர் உள்ளங்கை அகலம் பின்னால் இருந்தது.

"தண்டு கை காட்டுற இடம் இது. சக்கரம் நிக்கிற இடம் இது. சக்கரம் எப்பவும் கொஞ்சம் பின்னாடியே வரும். அதனால நேரா வரும்."

"இந்த இடைவெளியைக் குறைச்சா?"

"சொன்னதும் திரும்பும்."

"கூட்டினா?"

"சொல்லிச் சொல்லித்தான் திரும்பும்."

"இதுல எதுங்க நல்லது?"

ஜெசிந்தா இரண்டு கோடுகளையும் செருப்புக் காலால் அழித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியில் எதை மாற்றுவதானாலும் அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். எதை, எவ்வளவு, எதற்காக என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஸ்பேனரை எடுக்கலாம். கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வண்டிக்கு ஏதோ பூசை நடக்கிறது என்று நினைப்பார்கள்.

அந்த ஆண்டு கோதையின் வண்டி கனமாக இருந்தது. அதன் எடையில் குறையில்லை. திரும்புவதில்தான் கனம். கோவைக்குத் தெற்கே இருந்த அந்தப் பந்தயத் தடத்தில், நேர்ப்பாதை முடிந்ததும் இடப்பக்கம் ஒரு வளைவும், மூச்சு விடுவதற்குள் வலப்பக்கம் ஒரு வளைவும் வரும். இடப்பக்கம் சாய்ந்த வண்டியை நிமிர்த்தி வலப்பக்கம் சாய்ப்பதற்குள் மற்றவர்கள் உள்ளே புகுந்து போய்விடுவார்கள். போன பந்தயத்தில் அவள் அந்த இடத்தில்தான் தோற்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கோதை ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, இரண்டு மணிக்கட்டுகளையும் அதில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் அம்மா பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டாள். தண்ணீர் ஆறியதும் எடுத்துப்போய்ச் சூடாக்கி மறுபடி கொண்டுவந்து வைப்பாள். மருதாசலம் தொலைக்காட்சியைப் பார்ப்பது போல அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முன் ஃபோர்க்கைக் கொஞ்சம் ஏற்றிவிடலாமா என்று அவர் மாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்தான் ஃபோர்க். அவற்றைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாய்களை மேலே தள்ளினால் வண்டியின் முன்பக்கம் தாழும். தண்டு நிமிரும். அந்த உள்ளங்கை இடைவெளி குறையும். வண்டி லேசாகத் திரும்பும்.

ஜெசிந்தா வேண்டாம் என்றார். கனத்தோடு ஓட்டிப் பழகட்டும் என்றார்.

அடுத்த பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால், புது டயர் எடுத்துவர ஜெசிந்தா சென்னைக்குப் போனார். அன்று சாயங்காலம் மருதாசலம் மகளின் வண்டி முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்தார்.

இரண்டு நூல் ஏற்றினார். லேத்துக்காரர்கள் கணக்கில் எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். இரண்டு நூல் என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட வராது. போல்ட்டை இறுக்கி, விரல் ரேகை தெரியாமல் துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

மறுநாள் காலை பயிற்சி ஓட்டம். தடத்தை ஒட்டிய சுவரோரம் நின்று அவர் பார்த்தார். முதல் சுற்றுகளில் கோதை மெதுவாகத்தான் போனாள். இடப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்தாள். காற்றில் ஓர் இலை புரளுவது போல இருந்தது. அவர் நினைத்ததைவிட லேசாக இருந்தது. அந்த அளவுக்கு எப்படி என்று ஒரு கேள்வி வந்தது. சந்தோஷம் அதைத் தள்ளிவிட்டது.

பிறகு அவள் வேகமெடுத்தாள். நேர்ப்பாதையின் நடுவில் பழைய சிமென்ட் ஒட்டுப் போட்ட ஒரு மேடு உண்டு. எல்லா வண்டியும் அதில் ஒரு தடவை துள்ளும். கோதையின் வண்டி துள்ளி இறங்கியதும், முன்சக்கரம் ஒரு கணம் கலங்கித் தெரிந்தது. சக்கரம் ஒன்றா இரண்டா என்று தெரியாத கலக்கம். பிறகு சரியானது. அடுத்த சுற்றுக்கு அவள் போகவில்லை. உள்ளே வந்து, வண்டியைச் சாத்திவிட்டு, ஹெல்மெட்டோடு கொஞ்ச நேரம் நின்றாள்.

அவர் டீ கொண்டுபோய்க் கொடுத்தார். தம்ளரில் டீ வட்டம் வட்டமாக அதிர்ந்துகொண்டிருந்தது. ஏதாவது தொந்தரவா என்று கேட்டார்.

"காத்து அதிகம்ப்பா."

"ஆமாங்கண்ணு. பாலக்காட்டுக் காத்து இன்னிக்கு ஜாஸ்திதான்."

தலைக்கு மேலே கொடிக்கம்பத்தில் கொடி அசையாமல் தொங்கியது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தடம் காலியாகக் கிடந்தது. சென்னையிலிருந்து திரும்பியிருந்த ஜெசிந்தா புது டயர்களில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். மருதாசலம் போய்ப் பக்கத்தில் நின்றார். போனார். மறுபடி வந்து நின்றார்.

"ஒரு வண்டி ரொம்ப லேசாத் திரும்பினா ஆபத்துங்களா மாஸ்டர்?"

"எந்த வண்டி?"

"பொதுவாக் கேட்கிறேனுங்க."

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேராகக் கோதையின் வண்டிக்குப் போனார். கிளாம்ப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஃபோர்க்கின் முனையில் கட்டை விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

மருதாசலம் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு ஹெல்மெட்டையும், பயிற்சிக்கு வருபவர்களுக்காக வைத்திருந்த தோல் உடையையும் எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நீங்களே கேட்டுப் பாருங்கண்ணா."

"யாருகிட்டங்க?"

"வண்டிகிட்ட."

அவர் தடத்துக்குப் புதியவர் இல்லை. பட்டறையில் சரிசெய்த வண்டிகளை இதே தடத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார், மிதமான வேகத்தில். நேர்ப்பாதையில் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகிப் பார்க்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை. ஜெசிந்தா இப்போது அதைத்தான் சொன்னார். தடத்தோரம் நின்று கொடி காட்டும் கொடிக்காரரிடம் போய் ஏதோ பேசிவிட்டும் வந்தார்.

மருதாசலம் தோல் உடைக்குள் தன்னைத் திணித்துக்கொண்டிருக்கும்போது கோதை வந்தாள்.

"அப்பா, வேண்டாம்."

ஒரு சுற்றுத்தான், உடனே வந்துவிடுவேன் என்றார் அவர். கோதை மாஸ்டரிடம் திரும்பினாள். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, கண் முன்னைப் போல இல்லை, இந்த வண்டி அவருக்குப் பழக்கமில்லை என்று என்னென்னவோ சொன்னாள்.

"காலையில நீ ஓட்டின வண்டிதானே. அதுல என்ன பயம்?" என்றார் ஜெசிந்தா.

அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

முதல் வளைவுகளில் மருதாசலத்துக்குப் பயம் கொஞ்சம் தெளிந்தது. வண்டி நினைத்ததும் சாய்ந்தது. தோளால் தள்ள வேண்டியிருக்கவில்லை. இதைத்தானே அவளுக்குக் கொடுக்க நினைத்தேன் என்று தோன்றியது.

சுவரோரம் கோதை ஜெசிந்தாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"மாஸ்டர், பின்னாடி ஷாக்குக்கு மேல நான் ஒரு வாஷர் போட்டிருக்கேன்."

ஜெசிந்தா மெதுவாகத் திரும்பினார். "எப்போ?"

"நீங்க சென்னை போயிருந்தப்போ. நேத்து மத்தியானம். யாரும் இல்லை."

"எவ்வளவு கனம்?"

"ஒரு நூல்."

பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்குவது ஷாக். அதன் தலையில் ஒரு நூல் கனத்துக்கு வாஷர் வைத்தால் பின்சக்கரப் பக்கம் வண்டி இரண்டு நூல் உயரும். பின்னால் உயர்ந்தாலும் முன்னால் தாழ்ந்தாலும் தண்டுக்கு ஒன்றுதான். அது நிமிரும். அப்பா முன்னால் தாழ்த்தியது மகளுக்குத் தெரியாது. மகள் பின்னால் உயர்த்தியது அப்பாவுக்குத் தெரியாது. ஜெசிந்தாவின் கட்டை விரலுக்கும் முன்பக்கம் மட்டும்தான் தெரிந்திருந்தது. ஒரு பாதியை அளந்து பார்த்துவிட்டு, முழுவதன் மேலும் ஒரு மனிதரை ஏற்றி அனுப்பியிருந்தார்.

ஜெசிந்தா நடந்தார். பிறகு ஓடினார்.

வண்டி கடைசி வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்குள் வந்துவிட்டது. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. கொடிக்காரர் சிவப்புக் கொடியைப் பாதி உயர்த்தி, காட்டட்டுமா என்று கண்ணால் கேட்டார். ஜெசிந்தா வேண்டாம் என்று தலையசைத்தார். கொடியைப் பார்த்தால் மருதாசலம் பிரேக்கைப் பிடிப்பார். அந்த மேட்டில், அந்த வேகத்தில், பிரேக் பிடித்தால் பாரம் முழுவதும் முன்சக்கரத்தில் வந்து விழும்.

சிமென்ட் மேடு. வண்டி துள்ளியது.

கைப்பிடி முதலில் சந்தேகப்படுவது போல லேசாக அசைந்தது. பிறகு இடமும் வலமுமாக அடித்துக்கொண்டது. மருதாசலம் இறுக்கிப் பிடித்தார். லேத்தில் வேலை அதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கு என்பதுதான் அவர் கைகள் வாழ்நாள் முழுவதும் அறிந்தது. இறுக்க இறுக்க நடுக்கம் ஏறியது. கைகள் அதை அடக்கவில்லை. அவர் தோள்கள் வழியாக அது வண்டி முழுவதற்கும் பரவியது. எதிரே தடம் இரண்டாகத் தெரிந்தது.

சுவர்மேல் யாரோ ஏறி நின்றார்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, முஷ்டியை மூடி, திறந்தார்கள். மூடி, திறந்தார்கள்.

அவர் விரல்களைத் திறந்தார். முழுக்க இல்லை. கைப்பிடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு. டேங்க்கை முழங்கால்களால் பற்றிக்கொண்டார். திருகியிருந்த ஆக்ஸிலேட்டரை அப்படியே விட்டார்.

சக்கரம் இன்னும் சில தடவை அடித்துக்கொண்டது. பிறகு, அழுது ஓய்ந்த குழந்தை கடைசியாக விசும்புவது போல ஒரு விசும்பல். பிறகு நேரானது.

அவர் மிச்சச் சுற்றை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். கோதை ஓடிப்போய் வண்டியைப் பிடித்தாள். அவர் இறங்கி, அடுக்கியிருந்த டயர்கள்மேல் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் சுண்ணாம்பு போல இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த ஆட்கள் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

பிறகு அவர் எழுந்து வண்டியின் முன்னால் போய் நின்றார்.

"முன் ஃபோர்க். ரெண்டு நூல் ஏத்தினேன். அவளுக்கு மணிக்கட்டு வலிக்குதுன்னு."

கோதை அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பின் ஷாக். ஒரு நூல் வாஷர். வண்டி கனமா இருக்குன்னு மறுபடி சொன்னா அப்பா ராத்திரி தூங்க மாட்டாருன்னு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அப்போது ஜெசிந்தாவும் வந்து, இருவருக்கும் நடுவில் நின்றார்.

"முன்பக்கம் தெரிஞ்சுதான் அனுப்பினேன். பின்பக்கம் பார்க்காம அனுப்பினேன்."

எதற்காக என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தைரியம் பட்டறையில் யாருக்கும் இல்லை.

மருதாசலமும் கோதையும் ஒரே நேரத்தில் ஸ்பேனர் பெட்டிக்குக் குனிந்தார்கள். ஜெசிந்தா தடுத்தார். இரண்டையும் எடுத்துவிட்டால் பழையபடி அதே கனமான வண்டிதான் மிஞ்சும் என்றார். மருதாசலத்தின் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார்.

"உங்களுது இறங்கட்டுங்கண்ணா. அவளுது இருக்கட்டும்."

அவருக்கு அது வலித்தது. ஏன் என்று கேட்டார்.

"ஓட்டுறது அவ."

அவர் மண்டியிட்டு ஃபோர்க்கைப் பழைய இடத்துக்கே இறக்கினார். போல்ட் இரண்டு தடவை நழுவியது. கோதை குனிந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் தடவை எடுத்துக் கொடுத்தபோது, "நல்லவேளை, போல்ட்டுதான் கீழே விழுது, நீங்க விழலைப்பா" என்றாள். அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

வெயில் சாய்ந்ததும் கோதை மறுபடி தடத்துக்குள் போனாள். மருதாசலம் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தா பக்கத்தில் நின்றார்.

வண்டி நேர்ப்பாதையில் வந்தது. சிமென்ட் மேட்டில் துள்ளியது. கைப்பிடி ஒரே ஒரு தடவை, மறுத்துத் தலையாட்டுவது போல, அசைந்தது. நின்றது. அவள் போய்விட்டாள். இடம், வலம். காலையில் பார்த்த இலை இல்லை அது. ஆனால் அவளுக்கு முன்னால் போன வண்டியை உள்பக்கமாகத் தாண்டும் அளவுக்கு இருந்தது.

அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே அசைவு. அதற்கு அடுத்த சுற்றிலும். ஒவ்வொரு தடவையும் மருதாசலத்தின் விரல்கள் சுவரில் புதைந்தன.

"இன்னும் ஆடுதுங்க மாஸ்டர்."

"ஆடும்."

"அவளுக்குத் தெரியுமுங்களா?"

"அந்த இடம் வர்றதுக்கு முன்னாடியே கையைத் தளர்த்திக்கிறா. சக்கரத்தை விட்டுட்டு அவளைப் பாருங்க."

அடுத்த தடவை அவர் அவளைப் பார்த்தார். மேடு வருவதற்குச் சற்று முன்னால் அவள் முழங்கைகள் தாழ்ந்தன. தோள்கள் இறங்கின. வண்டி அவளுக்குக் கீழே ஒரு தடவை தலையாட்டியது. அவள் அதை ஆடவிட்டாள். பிறகு வளைவுக்குள் சாய்ந்து, கண்ணிலிருந்து மறைந்தாள். சத்தம் மட்டும் மரங்களுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனது.

அவர் அந்தச் சத்தம் திரும்ப நேர்ப்பாதைக்கு வரும்வரை மூச்சை விடவில்லை.

"கொஞ்சம்கூட ஆடாதபடி ஒரு வண்டி செய்ய முடியாதுங்களா மாஸ்டர்?"

"முடியும். தண்டை நல்லாச் சாய்ச்சு, இடைவெளியைக் கூட்டி வெச்சா, என்ன வேகத்துலயும் ஆடாது."

"அப்போ அவளுக்கு அப்படியே செஞ்சு கொடுத்திடலாமுங்களே."

ஜெசிந்தா தடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செய்யலாங்கண்ணா. அதுக்கு முன்னாடி, வளைவே இல்லாத ரோடு ஒண்ணு அவளுக்குப் போட்டுக் கொடுத்துடுங்க."